பழைய லயனல் ரயில்: பணிமேசைக் குறிப்புகள்

நவம்பர் 2, 2024, சனி

எதிர்வீட்டுப் பெரியவர் புளோரிடாவுக்குக் குடிபோகிறார். கராஜில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்று நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே 1950களின் லயனல் கம்பெனி மின்சாரப் பொம்மை ரயில்: 2037 மாடல் என்ஜின், விசில் வைத்த 6026 டெண்டர் (என்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டி), பால் கேன் இறக்கும் 3472 பெட்டி, ஒரு டேங்கர், கடைசியில் போகும் கார்டு பெட்டி, 1033 டிரான்ஸ்பார்மர், ஒரு குவியல் தண்டவாளம். செய்தது நியூஜெர்சி ஹில்சைடில். நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்கே ரயில் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

"ஓட்டுப்பா, ஓட்டுப்பா" என்று மகள் குதித்தாள். டிரான்ஸ்பார்மர் ஒயரை லேசாக வளைத்துக் காட்டினேன். மேல் ரப்பர் அப்பளமாக நொறுங்கி விழுந்தது. இதைச் சுவரில் செருகினால் ரயில் ஓடாது, ஃபியூஸ்தான் போகும்.

நவம்பர் 3, ஞாயிறு

ஒயரை மாற்றியாயிற்று. பிறகு ரயிலை இணைக்காமல் மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரின் ஏ, யூ முனைகளுக்கு நடுவே 5 முதல் 16 வோல்ட் வர வேண்டும். 17க்குச் சற்று மேலேயே ஏறியது. அந்தக் காலத்தைவிட இப்போது வீட்டு மின்சாரம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பிரேக்கர் சூடேறிய பிறகுதான் விழும். அதை நம்பாமல் வெளியே ஒரு வேகமான ஃபியூஸ் போட்டேன்.

சென்னையிலிருந்து மைத்துனர் கேட்டார்: "மாமா, இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் எனக்கும் அனுப்புங்களேன்?" ரயிலை அனுப்பலாம், டிரான்ஸ்பார்மரை அனுப்ப முடியாது. அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் நம்மூர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும்.

நவம்பர் 9, சனி

என்ஜினைத் திறந்தேன். எல்லாமே திருகாணி, ஒட்டு எதுவும் கிடையாது. பழுதானால் யாராவது கழற்றுவார்கள் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

மோட்டாரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் அதே வகை! இரண்டு கார்பன் பிரஷ், நடுவே சுற்றும் ஆர்மேச்சர், அதன் தலையில் பிரஷ்கள் உரசும் செம்பாலான கம்யூட்டேட்டர். மிக்ஸிக்குக் கார்பன் மாற்றிப் பார்த்தவர்கள் யாரும் இதைத் துணிந்து தொடலாம். பிரஷ்ஷைக் கழற்றும்போது ஸ்பிரிங் மேல் ஒரு விரல் இருக்கட்டும். இல்லையென்றால் மிச்ச நேரமெல்லாம் கம்பளத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிரஷ்கள் தேயவில்லை. கம்யூட்டேட்டர்தான் கன்னங்கரேல் என்றிருந்தது. பஞ்சில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். செம்புத் துண்டுகள் மூன்று. அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் கரித்தூள் அடைந்திருந்தது. அதைப் பல்குச்சியால்தான் எடுக்க வேண்டும், ஊசி வைத்தால் செம்பு கீறும். பல்சக்கரத்தில் இருந்த கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிது தடவினேன். அச்சுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

நவம்பர் 10, ஞாயிறு

மின்சாரம் கொடுத்தேன். முன்விளக்கு எரிந்தது, உள்ளே 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல், என்ஜின் மட்டும் நகரவில்லை. லயனல் வைத்திருப்பவர்களுக்கு இந்த உறுமல் பழக்கம். இ-யூனிட்டின் சத்தம்.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில்) ஓடும் மோட்டார் பொம்மைகளில் பிளஸ், மைனஸை மாற்றினால் வண்டி பின்னால் போகும். இந்த மோட்டாரில் அது நடக்காது. அசையாமல் நிற்கும் சுருளும் சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே தொடரில் இருப்பதால் மின்சாரம் திரும்பும்போது இரண்டும் சேர்ந்தே திரும்பும், சுற்றும் திசை அப்படியேதான் இருக்கும். ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில்) ஓடுவதும் அதனால்தான். திசையை மாற்ற ஒன்றன் இணைப்பை மட்டும் மாற்றிப் போட வேண்டும். அந்த வேலைக்குத்தான் இ-யூனிட். மின்சாரம் வந்ததும் ஒரு காந்தச் சுருள் சின்ன உலக்கையை மேலே இழுக்கும். அது ஒரு உருளையை ஒரு படி திருப்பும். நிறுத்தினால் உலக்கை விழும். மறுபடி கொடுத்தால் அடுத்த படி. முன்னால், நியூட்ரல், பின்னால், நியூட்ரல் என்று வரிசை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு பொம்மைக்குள் வைத்த ஞாபகசக்தி!

உலக்கை தன் எடையால்தான் கீழே விழ வேண்டும். அதனால் என்ஜினைக் கவிழ்த்து வைத்துச் சோதித்தால் நல்ல இ-யூனிட்கூட வேலை செய்யாது.

நம்முடையதில் உலக்கை ஏறி இறங்கியது. உருளையைத் தொடும் மெல்லிய உலோக நாக்குகளில்தான் கறுப்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காகிதத் துண்டை இடையில் விட்டு இழுத்தேன். இங்கே எண்ணெய் கூடவே கூடாது, அழுக்கு மறுபடி சேரும். ஒரு நாக்கு தளர்ந்திருந்தது; இடுக்கியால் மயிரிழை அளவு வளைத்ததும் என்ஜின் கையிலேயே துள்ளியது.

நவம்பர் 16, சனி

தண்டவாளம். எட்டு வளைவுகள் சேர்ந்தால் 27 அங்குல வட்டம். நடுக் கம்பியில் மின்சாரம் வரும், ஓரக் கம்பிகள் வழியாகத் திரும்பும். பச்சை ஸ்கிரப்பர், ஆல்கஹால், பொறுமை. இரும்புக் கம்பி நார் வேண்டாம். 1950இல் லயனல் சக்கரங்களுக்குக் காந்தம் வைக்கத் தொடங்கியது, 2037க்கும் உண்டு. உதிரும் நாரையெல்லாம் அது இழுத்துக்கொண்டு ஷார்ட் ஆகும்.

நவம்பர் 17, ஞாயிறு

ஓடுகிறது! முதல் சுற்றில் தத்தித் தத்தி, சூடேறியதும் சீராக. மோட்டாரில் தெறிக்கும் தீப்பொறியின் அந்த ஓசோன் வாசனை வீடு முழுக்க. "என்னங்க, எதுவும் கருகுதா?" என்று சமையலறையிலிருந்து குரல்.

விசிலும் ஊதியது. தண்டவாளத்தில் எப்போதும் ஏசி இருக்கும். டிரான்ஸ்பார்மரில் இருக்கும் விசில் நெம்புகோலைத் தள்ளினால் அதோடு கொஞ்சம் டிசி கலக்கும். டெண்டருக்குள் இருக்கும் ரிலே டிசிக்கு மட்டும்தான் அசையும், ஊதும் மோட்டாரை அது ஓடவிடும். ரயில் தளர்ந்துவிடாமல் இருக்க நெம்புகோல் சுமார் 5 வோல்ட் கூடுதலாகவும் கொடுக்கும். யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

இதே 2037ஐ 1957இல் இளஞ்சிவப்பில், பெண் குழந்தைகளுக்கென்று விற்றுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. இப்போது சேகரிப்பவர்கள் எக்கச்சக்க விலை கொடுக்கிறார்கள். மகளிடம் படம் காட்டினேன். "கறுப்புதாம்பா நல்லா இருக்கு."

நவம்பர் 24, ஞாயிறு

புகைக்குச் சக்கரத்தோடு இணைந்த ஒரு பிஸ்டன் இருக்கிறது. என்ஜின் வேகத்துக்கு ஏற்ப 'புஸ் புஸ்' என்று தள்ளும். அந்தக் காலத்தில் அதற்குப் புகை மாத்திரை போடுவார்கள். அந்தப் பழைய மாத்திரைகள் உள்ளே உருகிப் பாறையாகக் கிடந்தன. சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சு வைத்து, இப்போது கிடைக்கும் புகைத் திரவத்தை நாலு சொட்டு விட்டேன். புகை வந்தது. கூடவே கூரையில் அலாரமும்.

நண்பர் ஒருவர் புதுசாகப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். மாட்டேன். கொதிகலன் ஓரத்தில் கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிகிறது, யாரோ ஒரு பையன் எப்போதும் அங்கேதான் பிடித்துத் தூக்கியிருக்கிறான். பெயின்ட் அடித்தால் விலையும் குறையும், அது வேறு விஷயம்.

நவம்பர் 30, சனி

பால் பெட்டி பாக்கி. பட்டனை அழுத்தினால் கதவு திறந்து, ஆள் வந்து கேனை மேடையில் தள்ள வேண்டும். ஆள் வருகிறார், கை காலியாக நிற்கிறார், திரும்பிப் போகிறார். கேன்கள் உள்ளே சரிந்து சிக்கியிருக்கின்றன போல. கூரை மூடி வழியாக டார்ச் அடித்தால் இரண்டு தெரிகிறது. நாளைக்குக் கழற்ற வேண்டும். அதற்கு முன் மகளை உறங்க வைக்க வேண்டும்.