லய நம்பர்

எங்கள் ஊர் விவசாயம் என்றுதான் கண்காட்சிக்குத் தலைப்பு. புத்தகத்தைப் பார்த்து வரையாதீர்கள், கண்ணில் படுவதை வரையுங்கள் என்று வகுப்பில் சொன்னது நான்தான். சொல்லாவிட்டால் பாதிப் பேர் நெல்வயலும் தென்னையும் தலைப்பாகைக்காரரும் வரைந்து வருவார்கள், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமான எங்கள் டிவிஷனில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சொன்னபடியே செய்துவிட்டாள். மேலே தேயிலை, நடுவில் தண்ணீர் ஓடும் கான், கானுக்குக் கீழே துண்டு துண்டாக லீக்ஸ், கரட், கம்பு நட்டு ஏற்றிவிட்ட போஞ்சி, ஓரத்தில் மாட்டுக் கொட்டில். லீக்ஸுக்கு நீலம் கலந்த பச்சை, கரட் இலைக்கு வேறு பச்சை. வேலிக்குக் கட்டிய உரப்பையின் எழுத்தைக்கூட விடவில்லை. அப்புறம் தொழிலாளர் வரிசை வீடான லயத்துச் சுவரில் வீட்டு நம்பர்.

அந்தத் துண்டுகள் தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் காணி. புது வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்கள் வேறு, லயத்தில் இருப்பவர்களுக்குப் பின்பக்கம் கிடக்கும் நிலம் எவ்வளவு காலம் கொத்தினாலும் அவர்களுடையது ஆகாது. பக்கத்து டிவிஷனில் இப்படிப் போட்ட மரக்கறியைப் பிடுங்கச் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கண்காட்சிக்குப் பிரதம விருந்தினர் தோட்டத்து மேனேஜரான துரை.

நம்பரை மட்டும் அழித்துவிடு என்றேன்.

"அப்ப யாரோட தோட்டம்னு எப்பிடித் தெரியும் டீச்சர்?"

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது."

இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நம்பரோடு படத்தை மாட்டி, நாளைக்கு யாராவது போய் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால் நானா பதில் சொல்வேன்? 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்றது அரசாங்கம், சாமான் விலை ஏறிய அந்த நேரத்தில் லயத்துச் சனங்களுக்கு லீவும் இல்லை, தோட்டம் போடச் சொந்த நிலமும் இல்லை, இருந்த துண்டில் போட்டுச் சாப்பிட்டார்கள். அதைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். சரிதானே?

சக ஆசிரியை ஒருவர் சிரித்தார். "துரைக்குத் தெரியாதா என்ன? தினமும் அந்த ரோட்டாலதானே போறார்." அதுவும் நியாயம். அப்படியானால் நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன்? ஒருவேளை அந்த வீட்டை அல்ல, பாடசாலையைத்தான் காப்பாற்றினேனோ என்னவோ. துரை தந்த பணத்தில்தான் பெயின்ட் வாங்கியிருந்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை நம்பரை அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு போஞ்சிக் கொடியைப் படரவிட்டாள். கிட்டப்போய்ப் பார்த்தால் இலைக்கடியில் பாஸ்டல் கோடு தெரியும். நான் பார்த்தேன், பேசாமல் மாட்டினேன். துரை அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார், "லீக்ஸ் நல்லா வந்திருக்கு" என்றார். படத்தைச் சொன்னாரா தோட்டத்தைச் சொன்னாரா? அந்தத் துண்டுக்கு இதுவரை யாரும் வரவில்லை, ஆனால் அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு எப்படித் தெரியும்.

இந்த வருடமும் அதே தலைப்பு என்கிறார் பாடசாலை அதிபர். பறவைகள் என்று போடலாமே என்றேன். ஏன் என்று கேட்டார், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.