6 இஞ்ச் கண்ணாடி: பாலிஷ் முடிஞ்சது, பிளேடு டெஸ்ட்ல முதல் தடவை

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு, ஆறு மாசமா தேய்ச்சுட்டு இருக்குற கண்ணாடிய முதல் தடவையா, வளைவு சரியா வந்திருக்கான்னு காட்டுற பிளேடு டெஸ்ட்ல வச்சுப் பாத்தேன், அப்புறம் தூக்கமே வரல. டெலஸ்கோப்புக்கான குழி ஆடி இது, 150 மிமீ அகலம், 1200 மிமீ ஃபோகஸ், அதாவது தூரத்து வெளிச்சம் அவ்ளோ தள்ளி வந்து கூடும்.

ஆரம்பத்துல ரெண்டு தட்டைக் கண்ணாடி வில்லை வாங்கி, ஒண்ண டிரம் மேல வச்சு, நடுவுல 80 நம்பர் கார்போரண்டம் பவுடரும் தண்ணியும் போட்டு, இன்னொண்ண மேல வச்சுத் தள்ளித் தள்ளித் தேய்ச்சேன். டிரம்மைச் சுத்தி நடந்துகிட்டே தேய்க்கணும், கண்ணாடியையும் அப்பப்ப திருப்பணும். மேல இருக்குறது தானா குழியாகும், கீழ இருக்குறது மேடாகும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும் ரெண்டும் முழுசா ஒட்டிக்கிட்டே இருக்கணும்னா அது கோளத்தோட ஒரு துண்டா மட்டும்தான் இருக்க முடியும், அதனால அச்சு எதுவும் இல்லாமலே கோளம் வந்துடுது. எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

மொத்தக் குழி எவ்ளோ தெரியுமா, நடுவுல 1.17 மிமீ, அவ்ளோதான். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்க வச்சு இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு, அதான் ஃபீலர் கேஜ், விட்டுப் பாத்துகிட்டேன். அப்புறம் மொட்டை மாடியில கண்ணாடிய நனைச்சு வெயிலுக்குக் காட்டி, சுவத்துல விழுற வெளிச்சம் எங்க ரொம்பச் சின்னதாகுதுன்னு டேப் பிடிச்சேன், 1215 மிமீ வந்துச்சு. அங்க விழுந்தது புள்ளி இல்ல, 11 மிமீ வட்டம், அது சூரியனோட படமேதான்! சூரியன் வானத்துல அரை டிகிரி அகலம், அதனால இந்த ஃபோகஸ் தூரத்துல அந்த அளவுதான் வரும்.

அடுத்து 120, 220, 400, 600னு நைஸ் பண்ணிட்டே போகணும். 400ல ஒரு நீளக் கீறல் விழுந்துருச்சு, பழைய ஸ்பாஞ்சுல ஒட்டியிருந்த முரட்டுப் பவுடர்தான் காரணம், திரும்ப 220க்குப் போயி ரெண்டு வாரக் கடைசி முழுக்கத் தேய்ச்சுதான் அது மறைஞ்சது. இப்ப ஒவ்வொரு நம்பருக்கும் தனி பக்கெட், தனி ஸ்பாஞ்ச். அதுக்கப்புறம் தார் மாதிரி இருக்குற பிட்ச்ச உருக்கி கீழ் வில்லை மேல ஊத்தி, கட்டம் கட்டமா வெட்டி, செரியம் ஆக்ஸைடுங்கற பாலிஷ் பவுடர் போட்டு பாலிஷ். பால் மாதிரி வெள்ளையா இருந்தது கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சு, ஒருநாள் ட்யூப்லைட் அதுல தெரிஞ்சப்போ வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்ப டெஸ்ட்டுக்கு வர்றேன். கோளத்தோட மையம் ஃபோகஸ் மாதிரி ரெண்டு மடங்கு தூரத்துல, 2400 மிமீல இருக்கும். அங்க ஊசித்துளை வழியா எல்ஈடி வெளிச்சம் விட்டா, போன வெளிச்சம் திரும்பி அங்கயே வந்து சேரும், அந்த இடத்த பிளேடால மெல்ல வெட்டிகிட்டே கண்ணாடியப் பாக்கணும். சரியான கோளம்னா முழுக்க ஒரே சீரா சாம்பலாகும், மேடு பள்ளம் இருந்தா நிழல் விழும். பிரான்ஸ்ல ஃபூக்கோ 1858ல கண்டுபிடிச்ச முறை இது. கண்ணாடி மேல கட்டைவிரல ஒரு நிமிஷம் வச்சு எடுத்துட்டுப் பாத்தேன், விரல் சூட்டுல கண்ணாடி உப்பி ஒரு குன்று மாதிரி நிக்குது, ரொம்ப மெதுவா அடங்குது!

ஆனா கோளம் மட்டும் போதாது. நட்சத்திரத்துல இருந்து இணையா வர்ற வெளிச்சத்த கோளம் ஒரே புள்ளியில சேக்காது, ஓரத்துல படுறது கொஞ்சம் முன்னாடியே கூடிடும். கோளத்த விட நடுவுல துளி ஆழமா இருக்குற பரவளையம்தான் (பாரபோலா) எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரும். என் சைஸுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் ஓரத்துல 0.29 மைக்ரான், தலைமுடியில இருநூத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதையும் கையாலதான் எடுக்கணும். காவலூர்ல இருக்குற 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்போட கண்ணாடிய பெங்களூர்ல நம்ம ஆளுங்களேதான் தேய்ச்சு பாலிஷ் பண்ணாங்க, அந்த வேலை எவ்ளோ பெருசுன்னு இப்பதான் உறைக்குது.

பரவளையம் வந்துருச்சுன்னா, பிளேட முன்ன பின்ன நகர்த்திப் பாக்குறப்போ நடுப்பகுதி சாம்பலாகுற இடத்துக்கும் ஓரம் சாம்பலாகுற இடத்துக்கும் 2.3 மிமீ வித்தியாசம் வரணும், எனக்கு நேத்து 0.9தான் வந்துச்சு. இன்னைக்கு காலைல நடுப்பகுதிய மட்டும் பத்து நிமிஷம் கூடுதலா தேய்ச்சிருக்கேன். கண்ணாடி மேசை மேல ஆறிகிட்டு இருக்கு, ராத்திரி வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.