ஆடிக்காற்றில் ஜெல்கோட்: பிசுபிசுப்பு ஒழிந்த கதை

ஒருவழியாகப் படகில் போட்ட ஜெல்கோட் (ஃபைபருக்கு மேலே இருக்கும் பளபளப்பான பிசின் பூச்சு) ஒட்டு காய்ந்துவிட்டது. விரல் வைத்தால் ஒட்டவில்லை, நகத்தால் கீறினால் தடம் விழவில்லை. படகின் அடியில் இடப்பக்கம் முழுக்க முடிந்த சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

சின்ன ஃபைபர் படகு. டிரெய்லரில் ஏற்றி உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகக் கொச்சிக் காயலுக்கு இழுத்துப் போவது வழக்கம். (2021இல் பாலக்காடு தாண்டி குதிரான் மலையில் சுரங்கம் திறந்த பிறகு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே கிளட்ச் கருகும் தொல்லை விட்டது.) வழியெல்லாம் சக்கரம் அடிக்கிற கல்லும் கீலை (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை) அழுத்துகிற டிரெய்லர் உருளையும் சேர்ந்து அடிப்பக்கத்தை நன்றாகவே பதம் பார்த்திருந்தன. விரிசல்களை 'வி' வடிவில் தோண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, உள்ளே கண்ணாடி நார் வரை ஆழம் போன இரண்டு இடங்களில் மேட் (கண்ணாடி நார்ப்பாய்) போட்டது வரை எல்லாம் சுலபம்.

ஜெல்கோட்டில்தான் வம்பு. காற்றுப் படுகிற மேற்பரப்பு முழுசாகக் காயாது, ஆக்ஸிஜன் விடாது. படகை வார்க்கும் அச்சுக்குள் பூசும்போது அது வசதி, அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கும். ஒட்டுப் போடும்போது அதுவே தலைவலி. அதிலும் இது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைக் காத்தாடிகளைச் சுற்றுகிற சுற்றில், பிசுபிசுப்பு இருக்கிற வரை தோட்டத்துப் புழுதி மொத்தமும் அதில்தான் வந்து உட்காரும். டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூசுவதால் வழிந்து மூஞ்சியில் சொட்டுவது தனிக்கணக்கு.

காற்றை மறைக்க மெழுகு கலந்த ஸ்டைரீன் (பிசினை இளக்கும் திரவம்) சேர்க்கலாம், பிவிஏ (காய்ந்தால் மெல்லிய தோலாகும் திரவம்) அடிக்கலாம். இரண்டும் வேலை செய்யும்; வழிவதை மட்டும் நிறுத்தாது. மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினால் காற்று, புழுதி, வழிசல் மூன்றுக்கும் ஒரே அடி. ஆனால் எந்த ஷீட்? ஜெராக்ஸ் கடை பைண்டிங் ஷீட் பிவிசியாக இருந்தால் ஸ்டைரீன் பட்டதும் நெளிந்துவிடும். பாலியெஸ்டர்தான் தாங்கும். அதில் வருகிற ஓஎச்பி ஷீட்டை (பழைய புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் தாள்) இப்போது எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் வைத்திருக்கும் மச்சான்தான் கைகொடுத்தார். ஸ்கிரீன் போட்டு முடித்த பாசிட்டிவ் ஃபிலிம் (டிசைனை மையில் அச்சடித்த பாலியெஸ்டர் ஷீட்) அவரிடம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. "குப்பைக்குப் போறதுதானுங் மாப்ள, வேணுங்கறத அள்ளிக்கங்க" என்றார். மழமழவென்று இருக்கும் வெறும் பக்கம் ஜெல்கோட்டில் படவேண்டும், மை இருக்கும் பக்கம் வெளியே.

காயும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஒரு முடி உயரம் கூடுதலாக நிரப்பிவிட்டு, ஃபிலிமை ஒரு ஓரத்தில் டேப் போட்டுப் பிடித்து, பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாக நீவினேன். ஓரம் வரை குமிழி விரட்டிய பிறகுதான் மற்ற மூன்று பக்கமும் டேப். சாரலும் குளிருமாக இருந்ததால் கேட்டலிஸ்ட் (பிசினை இறுக வைக்கும் திரவம்) இரண்டு சதவீதம், ஊசி சிரிஞ்சில் அளந்து. சித்திரை வெயிலில் இதே அளவு விட்டால் கப்பிலேயே கல்லாகிவிடும். மறுநாள் உரித்தபோது கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. பிறகு 400, 800, 1200 வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட். துடைக்க மச்சான் கொடுத்த பனியன் வேஸ்ட். இதைவிட நல்ல துணி எந்த மரைன் கடையிலும் கிடைக்காது.

பெயின்ட் கடைக்காரர் ஆன்டிஃபவுலிங் (அடியில் சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்) வாங்கச் சொல்லி விடாமல் நச்சரித்தார். ஓட்டி முடித்த அன்றே டிரெய்லர் ஏறிவிடுகிற படகில் சிப்பி எப்போது ஒட்டும்? நல்ல தண்ணீரில் கழுவி மெழுகு போட்டால் போதும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தினமும் எட்டிப் பார்க்கிறார். "ஏனுங் தம்பி, இதெ எந்தக் கெணத்துல உடப்போறீங்க?"

வலப்பக்கம் அப்படியே கிடக்கிறது. அதற்குள் மனசு உருளைக்குத் தாவிவிட்டது. ரப்பர் உருளை கீலில் கறுப்புக் கோடு போடுகிறது. கோயமுத்தூர் லேத் பட்டறை ஒன்றில் நைலானில் கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன். நடுவில் பள்ளம் எவ்வளவு ஆழம் வைக்கலாம், நைலான் போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.