கடலை ஒளித்து வைத்திருக்கும் துறைமுகம்

ஜெனோவா நகரில் கடலைத் தேடி நான் ஒரு பகல் முழுவதும் நடந்தேன் என்றால், இத்தாலியின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று அது என்பதை அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும். பியாட்ஸா பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்துக்கு எதிரே சரிந்து இறங்கும் வியா ப்ரே என்ற தெருவுக்குள் நுழைந்த சில நிமிடங்களில், கடலும் போயிற்று, வானமும் பாதி போயிற்று. முதுகில் மலை, முகத்தில் நீர், நடுவே ஒரு கீற்று நிலம் என்று வாய்த்த ஊர் இது. அகலத்தில் வளர வழியில்லாததால் ஆறு மாடி, ஏழு மாடி என்று உயரத்தில் வளர்ந்து, தன் கடலைத் தானே மறைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய நகரத்தின் இந்தச் சந்துகளை ஊர்க்காரர்கள் கருஜ்ஜி என்கிறார்கள். சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுவிடலாம். வீட்டு வாசல்களின் மேல், புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் காட்சியைச் செதுக்கிய கரும்பலகைக் கற்கள். சந்து முனைகளில் கன்னி மரியாளின் மாடங்கள். அவற்றுக்கும் மேலே கொடியில் காயும் துணிகள். கைப்பேசியின் வரைபடம் இங்கே திணறுகிறது. என்னை நான் இருந்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, இல்லாத சந்தில் திரும்பச் சொன்னது. இரண்டு முறை ஏமாந்த பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் செய்வதையே நானும் செய்தேன்: தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நடந்தேன். இந்த ஊரில் அதைவிட நம்பகமான வழிகாட்டி இல்லை.

ஜெர்மானியப் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசாவின் படையெடுப்புக்கு அஞ்சி 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதிலின் மேற்கு வாயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றால், சோட்டோரிபா என்ற வளைவுத் தாழ்வாரம் தொடங்குகிறது. பெயரின் பொருள் ஏறக்குறைய ‘கரைக்குக் கீழே’ என்பதுதான். ஒரு காலத்தில் அலை இதன் காலடி வரை வந்தது. படகிலிருந்து இறங்கிய சரக்கு நேரே இந்தக் கடைகளுக்குள் போயிற்று. இப்போது பொரித்த நெத்திலியின் மணமும், விறகு அடுப்பிலிருந்து வரும் ஃபரினாட்டாவின் மணமும் கலந்து வருகின்றன. கடலை மாவை நீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, பெரிய செம்புத் தட்டில் சுட்டெடுப்பதுதான் ஃபரினாட்டா. நம் அடையை அறிந்த நாக்கு அதை உடனே உறவினராக ஏற்றுக்கொள்கிறது, காரம் இல்லையே என்ற ஒரே குறையோடு.

தாழ்வாரத்தைவிட்டு வெளியே வந்தால் கடல் தெரியும் என்று நம்பினேன். தெரிந்தது ஒரு மேம்பாலம். நகரத்துக்கும் நீருக்கும் குறுக்கே 1965இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை, கார்களில் போகிறவர்களுக்கு ஜெனோவாவின் மிக அழகான காட்சியைத் தருகிறது என்பது உண்மை. நடப்பவர்களுக்கு அதன் அடிவயிறுதான் வாய்க்கிறது. இதை இடிக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற வாதம் பல காலமாக நடக்கிறது. வழிப்போக்கனுக்கு வாக்கு இருந்தால், இடிக்கும் பக்கமே என் வாக்கு.

அந்த மேம்பாலத்துக்கு நேர் முன்னால், கடலைப் பார்த்த முகப்பு முழுவதும் வண்ண ஓவியங்களோடு நிற்கிறது பலாஸ்ஸோ சான் ஜார்ஜோ. நான் ஜெனோவாவுக்கு வந்ததே இந்தக் கட்டடத்துக்காகத்தான். 1260இல் கட்டத் தொடங்கியபோது இது ஆட்சி மாளிகை. பின்னர் சுங்கச்சாவடி, சிறை. 1407இல் நிறுவப்பட்ட சான் ஜார்ஜோ வங்கியின் இருப்பிடம். இன்று துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம். 1298இல் குர்சோலா தீவருகே நடந்த கடற்போரில் ஜெனோவா வெனிஸை முறியடித்தது. ஜெனோவியரின் கைதியாகி இங்கே அடைபட்டிருந்தவர்களில் வெனிஸ் வணிகர் மார்கோ போலோவும் ஒருவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உடன் இருந்த பீசா நகரத்து எழுத்தர் ருஸ்திச்சேல்லோவிடம் போலோ தன் பயணங்களைச் சொல்ல, அந்த எழுத்தர் எழுதினார்.

அந்த வரிகளில் நம் கடற்கரையும் இருக்கிறது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் தொடும் துறை என்று தாமிரபரணிக் கரையின் காயலைப் பற்றியும், முத்துக்குளிப்போரைச் சுறாக்கள் தீண்டாதபடி மந்திரம் ஓத வணிகர்கள் ஆள் அமர்த்தியதைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். காயலில் இன்று அந்தத் துறை இல்லை. ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தள்ளிவிட்டது. பாண்டியர் காலத்து முத்துச்சலாபத்தை நேரில் பார்த்த ஒருவர் அதைப் பற்றிப் பேசிய இடம், கடலைப் பார்த்த ஒரு சிறைச்சாலையாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அந்தச் சுவரருகே நெடுநேரம் நின்றேன். தலைக்கு மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

பின்புறம் சில அடிகளில் பியாட்ஸா பாங்கி. நாணயம் மாற்றுவோர் தங்கள் பலகைகளைப் போட்டு அமர்ந்த சதுக்கம். இங்குள்ள சான் பியெத்ரோ தேவாலயத்தைப் பார்த்தால் ஜெனோவாக்காரர்களின் குணம் புரிந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் அதைத் திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, கீழ்த்தளத்தைக் கடைகளாக்கி, அந்த வருவாயில் மேலே கோயிலை எழுப்பினார்கள். இன்றும் கடைகளுக்கு மேலேதான், படியேறித்தான், கடவுளைப் பார்க்க வேண்டும்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட சான் லொரென்ஸோ பேராலயத்தில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. ஆனால் வலப்பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கும் பீரங்கிக் குண்டை மட்டும் பார்க்காமல் வரக்கூடாது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரத்தைத் தாக்கியபோது சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்த அந்த 381 மில்லிமீட்டர் குண்டு வெடிக்கவே இல்லை.

மேலே ஏற ஏறத் தெருக்கள் அகலமாகின்றன, செல்வமும் கூடுகிறது. 1550களில் பிரபுக் குடும்பங்கள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட தெரு, இன்றைய வியா கரிபால்டி. நீளம் சுமார் 250 மீட்டர்தான். இருபுறமும் வரிசையாக மாளிகைகள். அரசு விருந்தினர் வந்தால் தங்கவைக்க ஜெனோவாக் குடியரசுக்கு அரண்மனை கிடையாது. அதனால் 1576இல் தகுதியுள்ள தனியார் மாளிகைகளைத் தரவாரியாகப் பட்டியலிட்டு, எந்த வீட்டுக்கு எந்த விருந்தினர் என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள். விருந்தோம்பலுக்கு ஒரு குடவோலை. ‘ரோல்லி’ என்னும் அந்தப் பட்டியல்களைச் சேர்ந்த 42 மாளிகைகள், அக்காலத்துப் புதுத் தெருக்களோடு 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. எனக்குப் பிடித்தவை வேறு: நகரமெங்கும் சாதாரணச் சுவர்களில் தீட்டியிருக்கும் பொய்ச் சன்னல்கள். நிழல் உட்பட வரைந்திருப்பதால், எது திறக்கும் எது திறக்காது என்று சொல்வது கடினம்.

தெருவின் முடிவில், போர்ட்டெல்லோ சதுக்கத்திலிருந்து ஓர் ஓடு பதித்த சுரங்கவழி காஸ்டெல்லெட்டோ லிஃப்டுக்கு இட்டுச் செல்கிறது. இது சுற்றுலாக் கேளிக்கை அன்று. காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகும் மூதாட்டிகள் ஏறும் பொதுப் போக்குவரத்து. கதவு திறந்து மேல்தளத்துக் கம்பியழியருகே வந்து நின்றபோதுதான், காலையிலிருந்து தேடிய கடல் மொத்தமாகத் தெரிந்தது. சாம்பல் நிறக் கூரைகளின் நெருக்கத்தில் நான் நடந்த சந்துகளில் ஒன்றைக்கூட அடையாளம் காண முடியவில்லை. 1992இல் இவ்வூர்க்காரரான கட்டடக்கலைஞர் ரென்ஸோ பியானோ திருத்தியமைத்த பழைய துறை இடப்பக்கம். வலக்கோடியில் கிரேன்களுக்கு நடுவே, 1543 முதல் நிற்கும் லந்தேர்னா கலங்கரை விளக்கம். அதற்கு முன்னிருந்த கோபுரத்தை 1449இல் காவல் காத்தவர்களில் கொலம்பஸின் தந்தையோடு பிறந்த ஒருவரும் உண்டு.

விளக்கு எரியத் தொடங்கும்வரை இருந்துவிட்டு, இறங்கும்போது லிஃப்டைத் தவிர்த்தேன். நடுவே செங்கல்லும் இருபுறமும் கூழாங்கல்லும் பதித்த செங்குத்தான பாதை ஒன்று இரண்டு வீட்டுச் சுவர்களுக்கிடையே கீழே போயிற்று. முதல் திருப்பத்திலேயே கடல் மறைந்துவிட்டது.