ஆர்க்கிட்டில் மாவுப்பூச்சி: சோப்புத் தண்ணீரும் பஞ்சுக் குச்சியும்

ஆர்க்கிட்டில் பூச்சி இருக்கிறதா என்று தெரிய, முதலில் எறும்பைப் பாருங்கள். தொட்டியில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால், மேலே எங்கேயோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ குடித்தனம் வந்துவிட்டது என்று அர்த்தம். இவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான பிசுக்கைக் கழிக்கும். அந்தப் பிசுக்குக்காக எறும்பு இவற்றைக் காவல் காக்கும். பிசுக்கு படிந்த இலையில் அப்புறம் கருப்பாகப் பூஞ்சணம் படரும். பூக்காம்பில் மொட்டுக்கு அருகே தெளிவாக ஒரு ஒட்டும் துளி நின்றால் மட்டும் பதறாதீர்கள். அது பூச்சி இல்லாமலே செடி தானாகச் சுரக்கும் தேன்.

என்னிடம் இருப்பது பெரும்பாலும் டெண்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை. சென்னை வெக்கைக்கு அதுதான் ஒத்துவருகிறது. இந்தச் செடியில் மாவுப்பூச்சிக்குப் பிடித்த இடம் தண்டைச் சுற்றியிருக்கும் காய்ந்த உறை. வெளியே பார்த்தால் வெள்ளையாக ஒன்றும் இருக்காது. உறையின் நுனியை இடுக்கியால் பிடித்து மெதுவாக உரித்தால், கணுவுக்குக் கணு பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சுகள் வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் அளவில் நகரும். உறையை உரிக்காமல் மேலே எதைத் தெளித்தாலும் மருந்து வழிந்து தரைக்குப் போகும், பூச்சிக்குப் போகாது. பழைய, காய்ந்த உறையை மட்டும் உரிக்கிறேன். பச்சையாக இருப்பதை இழுத்தால் தண்டில் காயம் படும்.

உரித்ததும் கண்ணில் படுவதையெல்லாம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தொட்டு வைத்தால், மாவுப்பூச்சியின் மேலிருக்கும் மெழுகு கரைந்து பூச்சி அங்கேயே செத்துவிடும். கெட்டியான ஜெல் சானிடைசர் வேண்டாம். பூஜை விளக்கு எரியும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்யாதீர்கள், குபீரென்று பிடிக்கும். "ஏங்க, காது குடையற பட்ஸ் எல்லாம் செடிக்கே தீர்ந்துபோச்சா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் எனக்கென்று தனி டப்பா.

துடைத்த பிறகுதான் தெளிப்பு. நான் நம்புவது சோப்புத் தண்ணீரைத்தான். ஒரு லிட்டருக்கு 5 கிராம் சாதாரண காதி சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கிற திரவம் சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். இலையின் மேல் மெழுகையும் அது சேர்த்து எடுத்துவிடும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலிருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து தயிர் திரிந்தாற்போல் மிதக்கும். அந்தக் கரைசலைத் தெளித்தால் இலையில் வெள்ளைக் கறைதான் மிச்சம். பலருக்கும் "சோப்பு வேலை செய்யவில்லை" என்று ஆவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்பேன். மழைநீரோ ஆர்ஓ நீரோ எடுங்கள்.

சோப்பு பூச்சியின் உடம்பில் நேராகப் பட்டால்தான் கொல்லும். காய்ந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. அதனால் இலையின் அடிப்புறம், கணு, தொட்டியின் விளிம்புக்கு உள்பக்கம் எல்லாம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிடுவேன். முட்டைக்கு எதுவும் ஆகாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு வாரமாவது தொடர வேண்டும். முதல் தெளிப்பில் செடி சுத்தமாகத் தெரிந்ததும் நிறுத்துவதால்தான் அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும், தெளித்ததும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

வேப்பெண்ணெயை எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அதிலிருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தோலுரிக்க விடாது, தின்னவும் விடாது. ஆனால் பலன் தெரியச் சில நாள் ஆகும். தவிர, கத்திரி வெயிலில் எண்ணெய் படிந்த ஆர்க்கிட் இலை வெந்து கருகும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயை முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு குழைத்து, அப்புறம் தண்ணீர் சேர்த்தால் பால் மாதிரி வரும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, பூவிலும் தொங்கும் வேரிலும் படாமல் தெளிப்பேன். ஆர்க்கிட் வேரின் மேல் தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு போன்ற உறை உண்டு, அதில் எண்ணெய் ஏறினால் வேருக்கு நல்லதில்லை. விளக்கேற்ற விற்கும் எண்ணெயில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, செக்கில் ஆட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் மாவுப்பூச்சிக்கு உறைக்கிறதோ இல்லையோ, எங்கள் தெரு முழுக்க இருமும்.

செம்பேன் வேறு கதை. அது பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி இனம். இலையின் அடியை வெள்ளை டிஷ்யூவால் துடைத்தால் செம்பழுப்பாகக் கோடு விழும். வறண்ட சூட்டில்தான் பெருகும். நல்ல வேகத்தில் தண்ணீர் அடித்து அடிப்புறத்தைக் கழுவினாலே பாதிக்கு மேல் போய்விடும். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்தால் இதழில் பழுப்புக் கோடு வரும். மூடிய மொட்டுக்குள் வீட்டுத் தெளிப்பு எதுவும் எட்டாது. அந்தக் காம்பை வெட்டி, பையில் கட்டிப் போட்டுவிடுவதே மேல்.

எறும்பைத் தடுக்க, அந்தக் காலத்தில் சமையலறை அலமாரிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே ஏற்பாட்டை ஸ்டாண்டின் கால்களுக்குச் செய்திருக்கிறேன். கொசு வராமல் இருக்க இரண்டு துளி சோப்பு, வாரம் ஒருமுறை நீர் மாற்றம்.

கடைசியாக ஒன்று. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, ஆனால் அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடும் ஒரு புழு கண்ணில் பட்டால் பஞ்சுக் குச்சியைக் கீழே வையுங்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு அது. மாவுப்பூச்சியை விரும்பித் தின்னும். அது இருக்கும் தொட்டிக்கு நான் எதையும் தெளிப்பதில்லை.