தகர மூடியும் முச்சை நூலும்

சிற்பம் என்று சொன்னவுடன் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நினைவில் வருபவை கோயில் கோபுரம், தேர்ச் சிற்பம், சந்தியில் நிற்கிற சிலை. எல்லாம் கும்பிடவோ அண்ணாந்து பார்க்கவோ வேண்டியவை. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பிக்கிற ஒருவர் இதற்குள், காற்றில் தொங்கி ஆடுகிற சிற்பங்கள் செய்த அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டரைக் கொண்டுவந்து இறக்குவது கொஞ்சம் வில்லங்கமான வேலைதான்.

அதனால் நான் படம் காட்டித் தொடங்குவதில்லை. கம்பி, பால்மா ரின் மூடி, நூல் மூன்றையும் மேசையில் போட்டு, "காத்துக்கு ஆடுற மாதிரித் தொங்கவிடுங்கோ" என்பதோடு சரி. அநேகம் பேர் மேற்கம்பியை முதலில் கட்டிவிட்டுக் கீழ்நோக்கி வருவார்கள். ஒன்றைச் சரிப்படுத்த மற்றது சாயும். இந்த வேலையை அடியிலிருந்து தொடங்கினால் சுகம். கடைசிக் கம்பியின் இரண்டு முனையிலும் மூடிகளைக் கட்டி, அது நேராக நிற்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அந்தச் சோடி முழுவதையும் ஒரே பாரமாக எண்ணி அடுத்த கம்பியில் தூக்க வேண்டும். பாரமானது தொங்கும் இடத்துக்குக் கிட்ட, இலேசானது தூர. வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பொடியன்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பட்டத்துக்கு முச்சை, அதாவது பட்டம் சரியாமல் நிற்க அதன் முன்பக்கத்தில் கட்டுகிற நூல், கட்டிப் பழகிய கை. நூல் கொஞ்சம் பிசகினாலும் பட்டம் குத்தும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அப்புறம்தான் கால்டரின் கதை. தகப்பனும் பாட்டனும் சிற்பிகள். இவரோ 1919இல் இயந்திரப் பொறியியல் படித்து முடித்தவர். 1926இல் பாரிசில் கம்பி, தக்கை, துணித்துண்டுகளால் ஒரு சர்க்கஸ் செய்யத் தொடங்கி, தரையில் இருந்து தானே அதை ஆட்டிக் காட்டினார். பார்த்திருந்தவர்கள் வளர்ந்த ஓவியர்கள். 1930இல் நெதர்லாந்து ஓவியர் மொண்ட்ரியானின் ஓவியக்கூடத்துக்குப் போனவர், சுவரில் இருந்த வண்ணச் செவ்வகங்களை ஆடவிட்டால் நல்லாயிருக்குமே என்று கேட்டார். மொண்ட்ரியான் சம்மதிக்கவில்லை. கால்டர் தானே ஆடும் சிற்பங்களைச் செய்யப் போய்விட்டார். 1960இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் தன்னைத்தானே உடைத்துக்கொள்கிற இயந்திரத்தை ஓடவிட்ட சுவிஸ் சிற்பி ஜான் டிங்கெலியின் கதையும் உண்டு. அதை மணி அடிக்கப் போகிற நேரத்தில்தான் சொல்வேன். முதலே சொன்னால் வகுப்பில் எதுவும் மிஞ்சாது.

விளையாட்டுத்தனம் என்றால் பொறுப்பில்லாத்தனம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. கால்டரின் கம்பியில் ஏனோதானோ என்று விட்ட இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தகடு எங்கே தொங்க வேண்டும் என்பது அவர் முடிவு. எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மட்டும் காற்றிடம் விட்டுவிடுகிறார். அந்தத் துணிவுதான் எனக்குப் பிடிக்கிறது.

தொல்லை புள்ளி போடும்போது வருகிறது. ஒரு நிமிடம் ஒரு வடிவம், அடுத்த நிமிடம் வேறொன்று. எதற்குப் புள்ளி? முடிச்சுக்கும் சமநிலைக்கும் போடுகிறேன், அழகுக்குப் போடுவதில்லை. பார்க்க வருகிற பெரியவர்கள் "இது என்ன?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் "ஏன் சேர் அந்தப் பக்கம் மட்டும் சுத்துது?" என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது: யன்னலைக் காட்டிவிடலாம். பக்கத்து விஞ்ஞான ஆசிரியரோ ஒன்றை இரவல் வாங்கிப்போய் விசையின் திருப்பம் படிப்பிக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்போது ஒருவன் தன்னுடையதில் பட்டத்து விண், காற்றுப் பட்டால் ஒலி எழுப்புமே அது, பூட்டப் போகிறானாம். வாடைக்காற்று தொடங்கினால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும். அதிபரிடம் நீயே போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.