ஜன்னலுக்கு வெளியே அரிக்கமேடு

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ். பக்கத்து சீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பையன். மடியில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற கட்டாயப் பாடத்தின் நோட்ஸ். பாசிமணி செய்யும் தொழில் பற்றிய பக்கம், பாதி வரிகளுக்கு மஞ்சள் கோடு.

"இதெல்லாம் எங்களுக்கு எதுக்குண்ணா?"

அரியாங்குப்பம் பாலம் வந்தது.

"அந்தப் பக்கம்தான் தம்பி அரிக்கமேடு, பழங்காலத் துறைமுகம். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டினார். ரோமாபுரி மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கண்ணாடி மணியெல்லாம் அங்கேயே செய்திருக்கிறார்கள்."

நோட்டை மூடினான். பாலம் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

விருப்பப் பாடமாக இருந்தால் இவன் எடுத்திருக்கவே மாட்டான். அதனால் கட்டாயம் இருக்கட்டும் என்பேன். ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மண்ணைக் காட்டாமல் மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்துவதை மனசு ஏற்கவில்லை.

இறங்கும்போது கேட்டான்: "அங்க போக எந்த ஸ்டாப்புண்ணா?"